துருவப் பகுதி ஆவணப்படங்களை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
விளம்பரங்களில் பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிப்பாறையில் கொஞ்சிக் குலாவுவதைக் கற்பனை என்று விட்டுவிடலாம். ஒன்று வடதுருவத்துக்கு உரியது, மற்றது தென்கோளத்துக்கு உரியது. ஆவணப்படங்களையாவது அப்படியே நம்பலாமா?

பதில் 1:
பழைய படங்களை நம்ப இயலாது. 1922இல் ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி, வடதுருவப் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்களைப் பற்றி வெளியிட்ட ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தின் நாயகருடைய உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். துப்பாக்கி வழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் அவரை ஈட்டியால் வேட்டையாட வைத்தார்கள். பனிவீட்டினுள் கேமராவுக்கு வெளிச்சம் போதாததால், ஒரு பக்கம் திறந்த வீட்டைத் தனியே கட்டி, குடும்பத்தினர் அதில் உறங்கி எழுவதுபோல் படமெடுத்தார்கள்.

பதில் 2:
அது நடிப்போடு நின்றது. டிஸ்னியின் ‘ஒயிட் வில்டர்னஸ்’ (1958) அதைவிடக் கொடுமையானது. லெம்மிங் எனும் சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகக் கடலில் விழுந்து மடிவதாக அது காட்டியது. உண்மையில், கடற்கரையே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கு அவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து, ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். இதற்கு ஆஸ்கர் விருது வேறு!

பதில் 3:
முதல் பதிலுக்கு ஒரு சிறு மறுப்பு: ஃப்ளாஹெர்ட்டியின் படப்பிடிப்பில் இனுயிட் மக்கள் உதவியாளர்களாகவும் உழைத்தார்கள், அவர்களை வெறும் காட்சிப்பொருளாகக் கருதுவது சரியன்று. அம்மக்களே சொல்லும் கதை வேண்டுமெனில், இனுயிட் இயக்குநர் சக்கரியாஸ் குனுக் அவர்களின் மொழியான இனுக்டிடூட்டில் இயக்கி, 2001இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான கேமரா தோர் விருது பெற்ற ‘அதனார்ஜுவாத்’ படத்தைப் பாருங்கள்.