மாமர நிழலில் புல் பிடிக்கவில்லை, ஊஞ்சலடியில் குளம் – சாட்ஸ்வொர்த் சிறு பூங்கா

தெருக்குழு_டர்பன்
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் தெருப் பூங்கா 40க்கு 25 மீட்டர். முழுக்கக் கிக்குயு புல். சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறோம். பெட்ரோல் புல்வெட்டி ஒன்றும் நைலான் கயிறு வெட்டி ஒன்றும் இருக்கின்றன. மூன்று சிக்கல்:
மாமரத்தடியில் ஏறக்குறைய 6க்கு 5 மீட்டர் வெறும் மண். கிக்குயு விதை இரண்டு முறை தூவியாயிற்று. முளைக்கிறது, ஒரு மாதத்தில் கருகுகிறது.
ஊஞ்சலடியில் மழைக்குப் பின் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. களிமண்.
ஒவ்வொரு முறை வெட்டியதும் புல்தரை திட்டுத்திட்டாகப் பழுப்பாகிறது.
செப்டம்பர் வருகிறது, இங்கே வசந்தம் தொடங்கும்; எதில் தொடங்கலாம்?

புல்தரை_ஐயா
விதை மேல் குற்றமில்லை. கிக்குயுவுக்கு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் எத்தனை முறை தூவினாலும் காசுதான் போகும்.

அங்கே பெரேயா புல் வையுங்கள். எல்.எம். புல் என்றும் சொல்வார்கள். மபுடோவின் பழைய பெயர் லோரன்சோ மார்க்கெஸ், அதன் சுருக்கம். இதை விதையாகத் தேடாதீர்கள், நாற்றுத் தட்டாக வாங்குங்கள். 15 செ.மீ. இடைவெளி விட்டால் சதுர மீட்டருக்கு 44 நாற்று; 30 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,330. 200 நாற்றுத் தட்டில் ஏழு.

நடுமுன் மாமரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, புள்ளிப்புள்ளியாக வெயில் விழச் செய்யுங்கள். மண்ணைக் கொத்திப் புரட்டாதீர்கள், மரத்தின் ஊட்டவேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மக்கிய உரம் கலந்த மண்ணை இரண்டு செ.மீ.க்கு மேல் பரப்பாதீர்கள்; அடிமரத்தில் மண் முட்டவே கூடாது, பட்டை அழுகும். முதல் மூன்று வாரம் ஈரம் காயவிடாதீர்கள், மரம் குடித்ததுபோக மிச்சம்தான் நாற்றுக்கு.

கிளை கழித்தும் வெயிலே விழாத இடத்தில் பெரேயாவும் தோற்கும். அங்கே 7 செ.மீ. மரச்சில்லு போட்டு விட்டுவிடுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் எப்படியும் மரச்சில்லாகவே இருக்கட்டும் (பட்டையைத் தொடாமல், 10 செ.மீ. தள்ளி). கயிறு வெட்டி பட்டையில் உரசி உரசி மரத்தைக் கொல்லும் பூங்காக்கள் ஏராளம்.

பழுப்புத் திட்டு வேறு கதை. கிக்குயு மெத்தைபோல் வளரும், பச்சை மேல் நுனியில் மட்டும். மூன்று வாரம் விட்டு ஒரேயடியாகத் தாழ வெட்டினால் அடித்தண்டு தெரிகிறது. 45 மி.மீ. உயரத்தில் வையுங்கள், 65ஐத் தாண்டும்முன் வெட்டுங்கள். கோடை மழையில் அது வாரம் ஒரு முறை. நுனி நார்நாராக வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது.

மணல்_குழி
ஊஞ்சலுக்கு நான். புல் அங்கே வேண்டாம், கால் உரசும் இடத்தில் எதுவும் நிற்காது. மணல் குழி போடுங்கள், ஆனால் வடிகால் இல்லாமல் தோண்டாதீர்கள். களிமண்ணில் குழி வெட்டினால் குளியல் தொட்டிதான் கிடைக்கும்.

4க்கு 3 மீட்டர் என்று வைத்தால்: 40 செ.மீ. தோண்டி, அடியில் 10 செ.மீ. 19 மி.மீ. ஜல்லி (1.2 கன மீட்டர்), நடுவில் துளையிட்ட குழாய், மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவில் தாழ்வான பக்கம் வெளியேற வேண்டும். ஜல்லி மேல் பிடிம் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி), இல்லாவிட்டால் மணல் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். அதன்மேல் 30 செ.மீ. ஆற்று மணல், 3.6 கன மீட்டர். பூச்சு மணல் மலிவு என்று வாங்காதீர்கள். அது இறுகிக் கல்லாகும், விழும் பிள்ளைக்கு அடிதான். தூணின் கான்கிரீட் அடித்தளம் மணலுக்கு மேலே தெரியக் கூடாது. மணல் இருக்கைக்கடியில் விலகிக்கொண்டே இருக்கும், வாரம் ஒரு முறை இழுத்து நிரப்புங்கள்.

தெருக்குழு_டர்பன்
நன்றி. உரம் எவ்வளவு? வேலியோரம் பார்த்தீனியமும் ஒரு சிரிங்கா மரமும் உண்டு.

புல்தரை_ஐயா
செப்டம்பரில் ஒரே ஒரு முறை தாழ வெட்டி, காய்ந்த மெத்தையை வாரி எடுத்தபின் எல்.ஏ.என். (சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட் உரம்) போடுங்கள். சதுர மீட்டருக்கு 20 கிராம். மற்ற இடங்கள் போகப் புல்தரை 900 சதுர மீட்டர் என்று வைத்தால் 18 கிலோ. பாதியை நீளவாக்கில், பாதியைக் குறுக்கே. இலை காய்ந்திருக்க வேண்டும், போட்டவுடன் தண்ணீர் விட வேண்டும். பனி ஈரத்தில் தூவினால் இலையில் ஒட்டிப் பொசுக்கும். புது நாற்றுப் பக்கம் இப்போது வேண்டாம்.

பார்த்தீனியத்தைப் பூக்கும்முன், மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். பூத்ததை எருக்குழியில் போடாதீர்கள், பையில் கட்டுங்கள்.

மணல்_குழி
சிரிங்காவை வேம்பு என்று நினைத்து இலை பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் மஞ்சள் காய் நஞ்சு. பிள்ளைகள் வரும் இடம், காய் உதிரும் பருவத்தில் வாரிவிடுங்கள். மரத்தை எடுப்பதானால் மாநகராட்சியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். வெட்டி மட்டும் விட்டால் அடிமரத்திலிருந்து பத்துக் கிளை கிளம்பும்.