செம்பு மின்முனையில் எத்திலீன் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மின்சாரம் செலுத்திக் கார்பன் டை ஆக்சைடை எத்திலீனாக மாற்றப் பார்க்கிறேன், செம்புத் தகடுதான் கேத்தோடு (எதிர்மின்முனை), 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல். முதல் அரை மணி நேரம் எத்திலீன் நன்றாக வருகிறது, அப்புறம் அது சரிந்து ஹைட்ரஜன்தான் ஏறிக்கொண்டே போகிறது. தகட்டை மெருகேற்றினால் பழையபடி வேலை செய்கிறது, அதனால் மேலே ஏதோ படிகிறது என்றே நினைக்கிறேன். கரைசலில் துளியளவு இரும்போ துத்தநாகமோ இருந்தாலே செம்பின் மேல் படிந்து வினையைக் கெடுத்துவிடும் என்று ஜப்பானின் யோஷியோ ஹோரி காட்டியிருக்கிறார், 1980களிலேயே செம்பில் ஹைட்ரோகார்பன் எடுத்துக் காட்டியவர் அவர். முன்கூட்டியே மின்னாற்பகுப்பு செய்து கரைசலைச் சுத்தம் செய்து பார்த்தேன், கொஞ்சம் மேம்பட்டது, போதவில்லை. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் பிசின் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எவ்வளவு நேரம் கலக்கினீர்கள்? இல்லை, ஆனோடிலிருக்கும் (நேர்மின்முனை) பிளாட்டினம் கரைந்து, இரு முனைகளையும் பிரிக்கும் சவ்வைத் தாண்டி வருகிறதா? அதை எப்படிச் சோதிப்பது?