புதுப்பிப்பு: பிரவுசரா, கணினி மென்பொருளா? ஃபிக்மாவை எடுத்தோம்

போன மாதம் கேட்டிருந்தேன்: ஒரு சிறு பதிப்பகத்தின் இணையதளத்தை வடிவமைக்க, பிரவுசரில் ஓடும் ஃபிக்மாவா, மேக்கில் நிறுவும் ஸ்கெட்சா? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஃபிக்மாவை எடுத்தோம்.

பதிப்பகத்தில் இருப்பவை எல்லாம் விண்டோஸ் கணினிகள். ஸ்கெட்சில் வரைய மேக் வேண்டும். அதுதான் முடிவைத் தீர்மானித்தது. இப்போது இணைப்பை அனுப்பினால் ஆசிரியர் அம்மாவே திறந்து, தலைப்பின் மேலேயே குறிப்பு எழுதிவிடுகிறார்.

வேகம் குறித்துச் சிலர் எச்சரித்திருந்தீர்கள். பெரிய கோப்பும் நன்றாகவே ஓடுகிறது. 2017இல், பிரவுசரில் நிரலை வேகமாக ஓட்டும் வெப்அசெம்ப்ளி தொழில்நுட்பத்துக்கு மாறியபோதே ஃபிக்மா திறக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

தமிழ் எழுத்துருதான் கொஞ்சம் வேலை வாங்கியது. முக்தா மலர் போன்ற கூகுள் எழுத்துருக்கள் உள்ளேயே கிடைக்கின்றன. ஆனால் பதிப்பகம் தன் புத்தகங்களுக்குப் பயன்படுத்தும் எழுத்துரு பிரவுசரில் தெரிய, ஃபிக்மாவின் எழுத்துரு நிறுவியை ஒவ்வொரு கணினியிலும் தனியாகப் போட வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

கோப்பு யார் கையில் என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஸ்கெட்ச் கோப்பு ஒரு ஜிப்; பிரித்தால் உள்ளே ஜேசான் என்ற, படிக்கக்கூடிய எழுத்து வடிவத் தரவு இருக்கும். ஃபிக்மாவின் கோப்பு வடிவம் மூடியது. சரி, கணினியில் நிறுவிய மென்பொருளும் நிரந்தரமில்லை. இணையதளம் வடிவமைக்கும் மென்பொருளான அடோபி மியூஸுக்கான ஆதரவு 2020இல் நின்றுபோனது. அதனால் முடிந்த பக்கங்களை எஸ்விஜி, பிடிஎஃப் வடிவில் பதிப்பகத்தின் வன்தட்டிலும் சேமிக்கிறோம். அடுத்த வேலைக்கு, சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய திறமூல வடிவமைப்பு மென்பொருளான பென்பாட்டை முயலப் போகிறேன்.