புதுப்பிப்பு: எம்42 லென்ஸில் தூரக் காட்சி மங்கலாக வந்தது தீர்ந்தது

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் பழைய எம்42 (திருகி மாட்டும் வகை) 50 எம்எம் லென்ஸை மாட்டினால் தூரத்தில் எதுவும் ஃபோகஸ் ஆகவில்லை என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உள்ளே சிறு லென்ஸ் வைத்த அடாப்டரில் (லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் வளையம்) இன்ஃபினிட்டி, அதாவது வெகுதூர ஃபோகஸ், கிடைத்தது; ஆனால் துளையை முழுதாகத் திறந்த எஃப்/1.8-இல் ஓரமெல்லாம் பால் படிந்த மாதிரி மங்கல். கைகொடுத்தது, உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் மாட்டும் யோசனைதான். எம்42 லென்ஸின் மவுண்ட்டிலிருந்து (மாட்டும் இடம்) சென்சாருக்கு 45.46 மி.மீ. இருக்க வேண்டும், நிக்கான் டிஎஸ்எல்ஆரின் எஃப் மவுண்ட்டில் அடாப்டர் இல்லாமலே 46.5; லென்ஸ் தள்ளிப்போவதால்தான் தூரம் ஃபோகஸ் ஆகவில்லை. சோனி மிரர்லெஸ்ஸின் இ மவுண்ட்டில் 18தான், மீதியை அடாப்டர் நிரப்பிவிடுகிறது. இப்போது தூரத்து மரத்தின் கிளைகள்கூடத் தனித்தனியாகத் தெரிகின்றன, அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராத ஒன்று: வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பியும் அபர்ச்சர் (ஒளி புகும் துளை) இதழ்கள் அசையவில்லை. ஆட்டோ-மேனுவல் சுவிட்ச் இல்லாத லென்ஸ் இது. இதழ்களை மூடவைக்கும் பின்பக்க ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்புள்ள அடாப்டர் போட்டதும் சரியானது. பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது என்பதால், மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுத்துவிடுங்கள்.