மறு: ஹாட் ராட், கஸ்டம் கார் – கலைச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய காரை வேகத்துக்காக மாற்றும் ‘ஹாட் ராட்’, தோற்றத்துக்காக மாற்றும் ‘கஸ்டம்’ – இவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகும் தம்பிக்காகத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த சொற்களை ஒரே இடத்தில் போடுகிறேன்.

> சூட்டுக்கோல்
> பந்தயச் சீருந்து
> தனிப்பயன் மகிழுந்து (இரண்டுக்கும் இதுவே போதும்)

சூட்டுக்கோலை முதலில் கழித்துவிடுவோம். மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. போதாததற்கு, ‘ராட்’ என்பது எஞ்சினுக்குள் இருக்கும் இணைப்புத்தண்டா, ரோட்ஸ்டர் என்ற திறந்த காரின் சுருக்கமா என்று அமெரிக்கர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. மூலத்திலேயே குழப்பம் இருக்கும்போது அதை எழுத்தெண்ணிப் பெயர்ப்பதில் பயனில்லை. பந்தயச் சீருந்தும் ஒத்துவராது. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகவும் ஓடியவை.

‘தனிப்பயன்’தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கணினித் திரையில் நிறத்தை மாற்றிக்கொள்வதற்கு அது பொருந்தலாம். இங்கே நடந்தது வேறு வேலை. அதுவும் ஒன்றல்ல, இரண்டு வேலைகள். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால், கட்டுரை எழுதப்போகும் தம்பி இரண்டாம் பத்தியிலேயே திண்டாடுவார். அதனால் கொஞ்சம் வரலாறு பேசிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

1908 முதல் 1927 வரை ஃபோர்டு ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைச் செய்து தள்ளியது. 1930-களில் அவை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலையைத் தாண்டினால் மொஹாவே பாலைவனம். அங்கே ம்யூராக், எல் மிராஜ் என்று வறண்ட ஏரிப்படுகைகள். மேடு பள்ளமில்லாத தரை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை குறுக்கே வர ஆளில்லை. பையில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, பம்பரைக் கழற்றி, முன்கண்ணாடியையும் கழற்றி அங்கே ஓட்டிப்போனார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும்; கழற்றுவதற்குச் செலவும் இல்லை. இந்தக் கலையின் முதல் பாடம் கழித்தல்தான்.

1932-ல் ஃபோர்டு வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரர் சமாச்சாரம். இது சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் வந்தது. அதற்கு அடுத்த கட்டம்தான் சுவையானது. நிறுவனம் கொடுத்த 65-ஐ யாரும் அப்படியே விட்டுவைக்கவில்லை. விக் எடல்பிராக் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் பொருத்தும்படி உள்ளிழுப்புக் குழாயை வார்த்தார். எட் இஸ்கெண்டேரியன் வால்வு கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி கேம் ஷாஃப்டைச் சாணை பிடித்தார். ஸ்டூவர்ட் ஹில்போர்ன் கார்புரேட்டரையே தூக்கிவிட்டு எரிபொருளை நேரே பீய்ச்சும் அமைப்பைச் செய்தார். 1948-ல் ஏரிப்படுகையில் அவருடைய வண்டி மணிக்கு 150 மைலைத் தாண்டியது. நேரத்தை ஒழுங்காகக் கணித்துப் பதிவு செய்யத் தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் 1937-லேயே உருவாகிவிட்டது. போர்க்காலத்தில் ம்யூராக் ராணுவத்தின் கைக்குப் போனது. இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் அதுதான். போர் முடிந்து திரும்பியவர்கள் கையில் ராணுவம் கற்றுக்கொடுத்த இயந்திர வேலை இருந்தது, கடைகளில் உபரிச் சாமான் குவிந்து கிடந்தது. 1946-ல் பில் பர்க் என்பவர் போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும் எரிபொருள் தொட்டியையே காரின் கூடாக்கி ஓட்டினார்!

‘ஹாட் ராட்’ என்பது அப்போது பத்திரிகைகள் வைத வசை. தெருவில் பந்தயம் விட்டு ஆளைக் கொல்கிற பயல்கள் என்ற பொருளில் எழுதினார்கள். 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் அந்த வசையையே தலைப்பாக வைத்து மாத இதழ் தொடங்கினார். அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி, தெருப் பந்தயத்தை விமான ஓடுதளங்களுக்கு மாற்றினார். சொல்லுக்கு மரியாதை வந்தது அதற்கப்புறம்தான்.

ஆக, வேலை என்ன? பழைய வண்டியைக் கழித்து இலேசாக்கி, எஞ்சினுக்கு முறுக்கேற்றுவது. நம்மிடம் ‘முறுக்குவிசை’ பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. முறுக்கேறி நிற்பது, முறுக்கிக்கொண்டு போவது என்று இளவட்டங்களைச் சொல்லும் வழக்கும் இருக்கிறது. எனவே என் பரிந்துரை: முறுக்கேற்று வண்டி. ‘முறுக்குந்து’ என்று சுருக்கலாம் என ஒருவர் தனிமடலில் எழுதினார். மணப்பாறைதான் நினைவுக்கு வரும், விட்டுவிடுவோம். ‘முறுக்கேற்று வண்டி’ வினைத்தொகை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏற்றிய, ஏற்றுகிற, ஏற்றப்போகும் வண்டி. இந்த வண்டிக்காரர்கள் யாரும் வேலை முடிந்தது என்று சொல்லிக் கேட்டதில்லை.

இனி கஸ்டம். இங்கே வேகம் பெரிதில்லை, தோற்றம்தான் எல்லாம். அந்தத் தோற்றமும் ஊருக்கு ஊர் மாறியது. சாக்ரமெண்டோவில் ஹாரி வெஸ்டர்கார்ட் 1936 ஃபோர்டின் முகத்தை எடுத்துவிட்டு பேக்கார்டு காரின் நெட்டையான கிரில்லை வைப்பார், கூரையைத் தாழ்த்துவார், பின்புறம் தரையைத் தொடுகிற மாதிரி இறக்குவார். அவரிடம் வேலை பார்த்துக் கற்ற ஜார்ஜ் பாரிஸ் லாஸ் ஏஞ்சலஸ் போய், தம்பி… மன்னிக்கவும், அண்ணன் சாமுடன் கடை போட்டார். அந்தக் கடையில் 1952-ல் முடிந்ததுதான் பாப் ஹிரோஹட்டா என்ற ஜப்பானிய அமெரிக்க இளைஞரின் 1951 மெர்குரி. கூரை முன்னால் 4 அங்குலம், பின்னால் 7 அங்குலம் குறைந்தது. நடுத்தூணே போய்விட்டது. பக்கவாட்டில் ப்யூயிக் காரின் குரோமப் பட்டை. மேலே வெளிர்பச்சை, கீழே கரும்பச்சை. 2022-ல் அந்த வண்டி 19.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

டெட்ராய்ட் வேறு ரகம். கார் கம்பெனிகளின் ஊர் என்பதால் வடிவமைப்பாளர்களே பட்டறைக்காரர்களோடு சேர்ந்தார்கள். ஹாரி பிராட்லி வரைந்து அலெக்சாண்டர் சகோதரர்கள் கட்டிய டியோரா ஒரு டாட்ஜ் சிறுலாரியிலிருந்து பிறந்தது. 1967-ல் அங்கே நடந்த கார் கண்காட்சியில் ரிட்லர் விருது பெற்றது. அதே பிராட்லிதான் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் முதல் வரிசையை வரைந்தவர். நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் உருட்டுவது டெட்ராய்ட் பட்டறையின் பேரன்! கன்சாஸின் விச்சிட்டாவில் டாரில் ஸ்டார்பர்ட் கூரைக்குப் பதில் கண்ணாடிக்குமிழி வைத்தார். அதற்குமேல் அங்கே எனக்கு மனம் ஒட்டவில்லை.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிக அமெரிக்கர்களின் லோரைடருக்குத் தனிச்சொல்லே வேண்டும். வேகமாகப் போவதில் அவர்களுக்கு அக்கறையில்லை. தாழ்ந்து, மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி போக வேண்டும். சக்கர விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1958-ல் கலிபோர்னியாவில் சட்டம் நடப்புக்கு வந்தது. 1959-ல் ரான் அகிரே தம் கார்வெட்டில் விமானச் சாமானிலிருந்து எடுத்த ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார். போலீஸ் தெரிந்தால் பொத்தானை அழுத்தி வண்டியைத் தூக்கு, போனதும் இறக்கு. அந்தத் தடை 2024 ஜனவரியில்தான் நீங்கியது. இதற்கு தாழ்நடை வண்டி என்பேன்.

கஸ்டமுக்கு: உருமாற்று வண்டி. ‘உருவேற்று’ ஓசைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது மந்திரம் மனப்பாடம் செய்வது. கூரையைத் தாழ்த்தும் ‘சாப்’ வேலைக்குக் கூரைக்குறைப்பு. வண்டியின் உயரத்தைக் குறைக்கும் இன்னொரு வேலையான ‘சேனலிங்’குக்கு முன்பு ஒருவர் சொன்ன ‘தளமிறக்கல்’ சரியாகப் படுகிறதா என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்லவும்.

செ.

———

மறு: மறு: ஹாட் ராட், கஸ்டம் கார் – கலைச்சொல் வேண்டும்

செ. ஐயாவுக்கு வணக்கம். டிங்கரிங் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் இரண்டு வார்த்தை.

‘தளமிறக்கல்’ தப்பு ஐயா. சேனலிங்கில் தளம் இறங்குவதில்லை, ஏறுகிறது. பாடி சாதாரணமாகச் சேசிஸின் மேலே உட்காரும். அவர்கள் தரைத்தகட்டைச் சுற்றிலும் வெட்டி விடுவித்து, பாடியைச் சேசிஸ் மறையும்படி கீழே இறக்கி, தகட்டை உள்ளே உயரத்தில் மறுபடி பற்றவைக்கிறார்கள். வெளியே பார்த்தால் வண்டி குள்ளம், உள்ளே உட்கார்ந்தால் முழங்கால் முகத்துக்கு வரும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இந்த வேலைதான் பிரபலம். கூரையை வெட்டாமல் பாடியை மட்டும் இறக்கியிருப்பார்கள். மேற்குக்காரர்கள் கூரையை வெட்டுவார்கள். படத்தைப் பார்த்தே எந்தக் கரை வண்டி என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இறங்குவது பாடி. கரூரில் பஸ் பாடி கட்டுவதைக் ‘கூண்டு கட்டுதல்’ என்றுதான் சொல்கிறோம். அப்படியானால் ‘கூண்டிறக்கம்’ என்று வையுங்கள். பட்டறையில் யாருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

‘கூரைக்குறைப்பு’ சரி. ஆனால் கட்டுரையில் ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். 1930 வாக்கில் வந்த வண்டிகளில் தூண்கள் கிட்டத்தட்ட நேராக நிற்கும். நாலு தூணிலும் ஒரே அளவு வெட்டி எடுத்து, கூரையை இறக்கிப் பற்றவைத்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். 1949 முதல் வந்த மெர்குரியில் தூண்கள் சாய்வு. சாய்ந்த தூணை வெட்டி இறக்கினால் மேல்துண்டு கீழ்த்துண்டின் நேருக்கு வராது, முன்னே பின்னே தள்ளி நிற்கும். கூரையையே குறுக்கே அறுத்து நீட்ட வேண்டும், இல்லையென்றால் தூணை இன்னும் சாய்க்க வேண்டும். பின்கண்ணாடி வளைவு என்பதால் அதை வெட்டவும் முடியாது, படுக்கவைக்கத்தான் வேண்டும். முன்னால் 4, பின்னால் 7 என்ற கணக்கு இதிலிருந்து வருவதுதான். கோடு வழுக்கிக்கொண்டு பின்னால் இறங்க வேண்டும் அல்லவா?

இன்னொரு கேள்வி. ‘உருமாற்று வண்டி’ என்றால் நம் ஊரில் ஆர்.சி.யில் சிக்கல் வரும் வண்டி என்றுதான் படிப்பார்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பரவாயில்லையா?

———

மறு: மறு: மறு: ஹாட் ராட், கஸ்டம் கார் – கலைச்சொல் வேண்டும்

தம்பி, இப்படி ஒரு மடலுக்குத்தான் காத்திருந்தேன். ‘கூண்டிறக்கம்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நூலகத்தில் உட்கார்ந்து நான் யோசித்தால் வந்திருக்காது.

ஆர்.சி. சிக்கல் பற்றி: அது இந்தச் சொல்லுக்கு ஊறு என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன மூன்று வகை வண்டிகளுமே ஏதோ ஒரு காலத்தில் போலீஸ் வழிமறித்தவைதான். சொல்லில் கொஞ்சம் குற்றவாடை இருந்துவிட்டுப் போகட்டும். ‘அழகுந்து’, ‘எழிலுந்து’ என்று கழுவித் துடைத்த சொற்களை யாரும் கொண்டுவந்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

‘வண்டி’ கொச்சை, ‘ஊர்தி’ என்று மாற்றவும் என இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஊர்தி அரசாணைக்கு ஆகும். ராத்திரி முழுக்கக் கண்விழித்து லேத்தில் நின்றவன் தன்னுடையதை ஊர்தி என்று சொல்லமாட்டான். வண்டியே இருக்கட்டும்.

எழுதப்போகும் தம்பிக்கு: கட்டுரையின் முதல் வரியில் தமிழ்ச்சொல்லைப் போட்டு, பக்கத்திலேயே ஹாட் ராட், கஸ்டம், லோரைடர் என்ற பெயர்களையும் தமிழ் எழுத்தில் கொடுங்கள். தேடுகிறவர் இரண்டில் எதைத் தட்டினாலும் வந்துசேர வேண்டும். இதழ், சங்கம், விருது எல்லாம் சிறப்புப்பெயர்கள், அவற்றை மொழிபெயர்க்க வேண்டாம். ‘சூடான தண்டு மாத இதழ்’ என்று ஓர் இடத்தில் பார்த்துவிட்டு நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் முடியவில்லை: ‘லெட் ஸ்லெட்’. பிளாஸ்டிக் பட்டி வருவதற்கு முந்தைய காலத்தில், வெட்டி ஒட்டிய இடங்களை ஈயக்கலவையால்தான் நிரவினார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப்போல மெல்லிய பூச்சு அல்ல அது. தகட்டைச் சுத்தம் செய்து சூடேற்றி, முதலில் ஒரு பற்று கொடுத்து, அதன்மேல் ஈயக்கட்டியைத் தீச்சுடரில் காட்டுவார்கள். உருகி ஒழுகிவிடவும் கூடாது, இறுகிவிடவும் கூடாது. குழைவாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், கொழுப்பு தடவிய மரக்கட்டையால் இழுத்துப் பரப்பி, ஆறியபின் அரத்தால் ராவ வேண்டும். இப்படிக் கனத்துப்போன மெர்குரிகளைத்தான் ஈயச் சறுக்குவண்டி என்று கேலி செய்தார்கள். ‘ஈயவண்டி’ என்றால் மொட்டையாக இருக்கிறது, ‘ஈயக்கனத்தி’ என்றால் பாட்டி வைத்தியம்போல் ஒலிக்கிறது.

தம்பி, உங்கள் பட்டறையில் பழைய ஆட்கள் ஈயம் பிடித்தவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அந்த வேலைக்கும் அந்த மரக்கட்டைக்கும் அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள்? அது தெரிந்தபிறகு மிச்சத்தைப் பேசுவோம்.

செ.