ஒத்தைத் தோட்டாவும் என் அப்பாவும்

‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்ற பழைய அமெரிக்க டிவி தொடரைப் பார்த்த அனுபவத்தை ஆளுக்கொன்றாகச் சொல்லி வருகிறீர்கள், என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். இதில் பாதிக்கு மேல் என் அப்பாவின் கதை.

அப்பா தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு முதல் தடவையாக அமெரிக்காவில், வட கரோலைனா மாநிலத்தில் கேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார், அதுவும் டிசம்பரில். வெளியே காலாற நடக்கக்கூட முடியாத குளிர், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, நானும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவோம். முதல் இரண்டு வாரம் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாயங்காலம் நான் டிவியில் சேனல் சேனலாக மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு விசில் சத்தம், கறுப்பு வெள்ளையில் ஒரு அப்பாவும் பையனும் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து வருகிறார்கள், பையன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் வீசுகிறான். “இதை மாத்தாதே” என்றார் அப்பா.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960 அக்டோபர் 3 முதல் 1968 ஏப்ரல் 1 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த தொடர் இது, மொத்தம் 249 பகுதிகள். இதே வட கரோலைனாவில் மேபெரி என்று ஒரு கற்பனையான சின்ன ஊர். அங்கே ஆண்டி என்ற ஷெரிஃப், அதாவது உள்ளூர் போலீஸ் தலைவர், மனைவி இல்லை, ஓப்பி என்ற மகன், வீட்டைக் கவனித்துக்கொள்ள பீ அத்தை, ஸ்டேஷனில் துணைக்கு பார்னி. அந்த விசில் தொடருக்கு இசையமைத்த ஏர்ல் ஹேகன் தானே அடித்தது. ஓப்பியாக வந்த பொடியன்தான் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய இயக்குநர் ரான் ஹோவர்ட்.

அப்பாவுக்கு ஆங்கிலம் ஸ்டேஷன் ரெக்கார்டு எழுதும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் பத்தே நிமிடத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டார். “இந்த இன்ஸ்பெக்டர் இடுப்புல துப்பாக்கி இல்லையே?” ஆமாம், ஆண்டி துப்பாக்கி வைத்துக்கொள்வது அபூர்வம். பார்னியிடம் உண்டு, ஆனால் அது அடிக்கடி உறையிலேயே வெடித்துவிடுவதால் ஒரே ஒரு தோட்டாதான் கொடுத்திருப்பார்கள், அதையும் சட்டைப் பையில்தான் வைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அம்மா போன பிறகு அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து பார்னி எங்கள் வீட்டில் ‘ஒத்தைத் தோட்டா’. அந்த வேடத்துக்காக டான் நாட்ஸ் டிவிக்காகக் கொடுக்கும் எம்மி விருதை ஐந்து முறை வாங்கினார். கழுத்துநரம்பு புடைக்க விறைப்பாக நின்று மூக்கை உறிஞ்சுவாரே, அதற்கே கொடுக்கலாம்.

ஓட்டிஸ் என்று ஒரு குடிகாரர் வருவார். சனிக்கிழமை குடித்துவிட்டுத் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, சுவரில் மாட்டியிருக்கும் சாவியை எடுத்து, லாக்கப்பைத் திறந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். இதைப் பார்த்ததும்தான் அப்பா வாயைத் திறந்தார். எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் ஒரு கொத்தனார் அப்படித்தான் வருவாராம். கூலி கிடைத்த நாளில் குடித்துவிட்டு, இந்த நிலையில் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் பயப்படும் என்று ஸ்டேஷன் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துவிடுவாராம். பாரா டியூட்டியில் இருக்கும்போது அவர் சட்டைப் பையில் மிச்சமிருக்கும் பணத்தை எண்ணி ஒரு தாளில் மடித்து வைத்து, காலையில் டீ வாங்கிக் கொடுத்து, அவர் மனைவி கையில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவாராம் அப்பா. போலீஸ் லைனில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாதவர். அப்புறம் தினமும் ஒரு கதை வந்தது, நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தேன்.

ஓப்பி உண்டிவில்லால் ஒரு தாய்ப்பறவையைக் கொன்றுவிடும் பகுதி நிறைய பேருக்குப் பிடித்தது, 1963-இல் வந்தது. ஆண்டி பையனை அடிக்க மாட்டார். ஜன்னலைத் திறந்து வைத்து, தாயைத் தேடிக் கத்தும் குஞ்சுகளின் சத்தத்தைக் கேள் என்று மட்டும் சொல்வார். பையன் மூன்று குஞ்சுகளையும் தானே வளர்த்து, கடைசியில் ஒவ்வொன்றாகப் பறக்கவிடுவான். முடிந்ததும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நானா இருந்தா பெல்டை எடுத்திருப்பேன்” என்றார். எடுத்திருக்கிறார். அவர் அதைச் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது, எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.

மார்ச்சில் குளிர் குறைந்ததும் அவரை மவுன்ட் ஏரிக்குக் கூட்டிப் போனேன். ஷெரிஃப் ஆண்டியாக நடித்த ஆண்டி கிரிஃபித் பிறந்து வளர்ந்த ஊர் அது, மேபெரிக்கு அதுதான் சாயல் என்று ஊரே நம்புகிறது. 52-ஆம் எண் சாலையில் போகும்போது உச்சியில் குடுமி வைத்த மாதிரி பைலட் மலை தெரியும், தொடரில் வரும் பக்கத்து ஊர் மவுன்ட் பைலட்டின் பெயர் இதிலிருந்துதான். பழைய ஃபோர்டு கேலக்ஸி போலீஸ் காரில் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். ஓட்டிய பெரியவரிடம் அப்பாவும் போலீஸ்காரர் என்று சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து கைகொடுத்தார், அப்பா பழக்கத்தில் சல்யூட் வைத்துவிட்டார்.

தொடரில் எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1960 பிப்ரவரியில் இதே மாநிலத்தில் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவகத்தில் தங்களுக்கும் பரிமாறச் சொல்லி உட்கார்ந்து போராடினார்கள். அதே வருடம் தொடங்கிய மேபெரியில் கறுப்பின மக்கள் தெருவில் நடந்து போவதோடு சரி, வாய் திறந்து பேசுவது அரிதிலும் அரிது. மவுன்ட் ஏரியில் ஆண்டி கிரிஃபித் மியூசியத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். “நம்ம ஊரு டீக்கடையில ரெண்டு கிளாஸ் இருந்த காலம்தான்” என்றார். பிடித்த தொடர்தான், அதற்காக இதை மறைக்க எனக்கு மனம் இல்லை.

மியூசியம் வாசலில் அப்பாவும் பையனும் கைகோத்துத் தூண்டிலோடு நடக்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்க வைத்து நான் போட்டோ எடுக்கப் போனபோது, “நீயும் வா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வழியில் போன ஒரு அம்மாதான் எங்கள் இருவரையும் எடுத்துக் கொடுத்தார்.

அப்பா இப்போது ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால் மருந்து, மழை எல்லாம் அப்புறம்தான். முதலில் கேட்பது, “ஒத்தைத் தோட்டா இந்த வாரம் என்ன பண்ணினான்?”