உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில் இடையிடையே முகமூடியைக் கழற்றச் சொல்வது ஏன்?

கேள்வி:
நீரிழிவால் காலில் ஆறாத புண் உள்ள என் தந்தைக்கு உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. 2.4 வளிமண்டல அழுத்தத்தில் 90 நிமிடம் ஆக்சிஜன் தருகிறார்கள். ஆனால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முகமூடியைக் கழற்றி, 5 நிமிடம் அறைக் காற்றைச் சுவாசிக்கச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் "மூளைக்கு நல்லது" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்தால்தானே மூளைக்கு ஆபத்து?

மறுமொழி 1 (உயர் அழுத்த அறைப் பணியாளர்):
மிகுந்தாலும் ஆபத்துதான். உங்கள் தந்தை உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் வெளிக்காற்றில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு. முதலில் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே சேரும் ஆக்சிஜனை ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. நேரம் நீள நீள அந்தக் காப்பு தளர்ந்து, குழாய்கள் விரிந்து, வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி நரம்புச் செல்களைத் தாக்குவதால் வலிப்பு வரலாம். விலங்குகளில் இதை பிரான்சின் உடலியல் அறிஞர் பால் பேர் 1878இலேயே விவரித்துவிட்டார். அந்த 5 நிமிட இடைவேளை மூளைக்கு மீள அவகாசம் தருகிறது. ஆகவே அதைச் சிகிச்சையில் ஏற்படும் தடங்கலாக எண்ண வேண்டாம். வலிப்பு வருவது அரிது. வந்தாலும் முகமூடியை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வலிப்பு நடக்கும்போது மட்டும் அறையின் அழுத்தத்தை இறக்க மாட்டோம். மூச்சு அடைபட்ட நிலையில் உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

மறுமொழி 2 (முக்குளிப்பவர்):
நாங்கள் தூய ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசிப்பதில்லை. அங்கே அதன் அழுத்தம் 1.6தான். அறையில் 2.4 வரை அனுமதிப்பது எனக்கும் முதலில் வியப்பாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் கடற்படைக்காக கென்னத் டொனால்ட் நடத்திய சோதனைகளில், உலர்ந்த அறையைவிட நீருக்குள்ளும், ஓய்வைவிட உழைப்பின்போதும் தாங்குதிறன் குறைவதும், ஒரே ஆளிடமே அது நாளுக்கு நாள் மாறுவதும் தெரியவந்தன. உழைப்பில் உடலில் தேங்கும் கார்பன் டை ஆக்சைடு மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதோடு, நீருக்குள் வலிப்பு வந்தால் மூழ்குவதுதான் கதி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேற்று அறையில் அப்பாவின் உதடு சற்றுத் துடித்ததாம். குளிர் என்று நினைத்து எவரிடமும் சொல்லவில்லையாம்.

மறுமொழி 1:
அடுத்த அமர்வுக்கு முன்பே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உதடு, முகத் தசை துடித்தல், காதில் இரைச்சல், பார்வை குறுகுதல், குமட்டல், காரணமற்ற சிடுசிடுப்பு ஆகியவை முன்னறிகுறிகளாக இருக்கலாம். எதுவுமே தோன்றாமலும் வலிப்பு வருவதுண்டு. காய்ச்சல் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். இன்சுலின் எடுப்பவரானால் உள்ளே போகுமுன் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அறைக்குள் அது இறங்குவதுண்டு, அதனாலும் வலிப்பு வரும்.